முழு ரோலுக்கு முன் ஒரு வாரம்: ஜியு-ஜிட்சு கோச்களுக்கு ஒரு திறந்த மடல்

புதியவர்களுக்கு பிரேசிலியன் ஜியு-ஜிட்சு சொல்லித்தரும் கோச்களுக்கும், அவர்களோடு மேட்டில் இறங்கும் மூத்த பெல்ட்காரர்களுக்கும்,

வணக்கம். நான் சென்னையில் ஒரு சின்ன ஜிம்மில் உருண்டுகொண்டிருக்கும் பர்ப்பிள் பெல்ட். (வெளியாட்களுக்கு: ஆளைத் தரையில் மடக்கி, மூட்டைப் பூட்டியோ கழுத்தை நெரித்தோ ஜெயிக்கும் கலை இது. எதிர்க்கிற ஆளோடு பழகுவதுதான் ரோல், அதாவது உருளல். பெல்ட் வரிசை வெள்ளை, ப்ளூ, பர்ப்பிள், பிரவுன், பிளாக்.) வயது 41. பகலில் கணக்கு எழுதும் வேலை, சாயங்காலம் மேட். போட்டிகளில் பெரிதாக எதையும் ஜெயித்ததில்லை. எனக்கு இங்கே சொல்வதற்கு இருப்பது ஒருவருடைய தோளைக் கெடுத்த கதைதான். கெடுத்தவன் நான்.

சேர்ந்து மூன்றாவது வாரம். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ப்ளூ பெல்ட், நிதானமாக விளையாடுகிறவர். அன்று அசதியோ, புதியவன்தானே என்று இடம் கொடுத்தாரோ, நான் பக்கவாட்டில் மேலே படுத்து அழுத்தும் சைட் கன்ட்ரோலில் அவருடைய வலது கை என்னிடம் மாட்டியது. மணிக்கட்டை ஒரு கையால் பிடித்து, மறு கையை அவருடைய புஜத்துக்கு அடியில் விட்டு, என் மணிக்கட்டையே பிடித்துப் பூட்டிக்கொண்டேன். கிமுரா. முந்தின ராத்திரி யூடியூபில் பார்த்த அதே பிடி. மூன்று வாரமாக எல்லோரிடமும் நசுங்கிக்கொண்டிருந்தவனுக்கு முதல்முறையாக ஏதோ சிக்கியிருக்கிறது, விடுவேனா? அவர் இடது கையால் மேட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். நான் இன்னும் இறுக்கினேன். என் விலாவில் தட்டினார். அதற்குள் தோளிலிருந்து ஒரு சத்தம் வந்துவிட்டது.

அந்தத் தட்டல்தான் டேப்: 'தோற்றேன், விடு' என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகவே தெரியும். அந்த மூன்று வாரத்தில் ஒரு சாயங்காலத்துக்குப் பத்துத் தடவையாவது நான் டேப் அடித்திருப்பேன். ஆனால் அதுவரை எனக்கு ஒருவரும் டேப் அடித்ததில்லை. அது உடம்பில் எப்படிப் படும், எவ்வளவு மெல்லியதாக இருக்கும், நம் மூச்சும் வேகமும் மண்டைக்குள் இரையும்போது அது எவ்வளவு தூரத்தில் கேட்கும் என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. நான் கல்லூரியில் கபடி ஆடியவன், இடது கார்னர். பாடி வந்தவனின் கணுக்காலைப் பிடித்துச் சாய்த்த பிறகு அவன் தரையில் கையை வீசி அடிக்கிறான் என்றால், நடுக்கோட்டைத் தொட எட்டுகிறான் என்று அர்த்தம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். இன்னும் இறுக்கு, விசில் வரும்வரை விடாதே. மூன்று வருடம் தினமும் உடம்பில் ஏறிய பாடம் அது. தரையில் கை அடிக்கும் சத்தம் கேட்டால் என் உடம்புக்குத் தெரிந்த பதில் அது மட்டும்தான். விதியை மனதுக்குச் சொல்லியிருந்தார்கள். உடம்புக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த மடலின் விஷயம் இதுதான். நீங்கள் எல்லோரும் டேப் அடிக்கக் கற்றுத்தருகிறீர்கள். டேப் வாங்கக் கற்றுத்தருவதில்லை.

முதல் நாள் வகுப்பை நினைத்துப் பாருங்கள். வார்ம்-அப், ஷ்ரிம்ப் (இடுப்பை நகர்த்தித் தப்பும் பயிற்சி), முன்பக்கம் பின்பக்கம் உருளல், ஒரு டெக்னிக். பிறகு 'வலிச்சா தட்டுங்க, தட்டினா விட்டுடுங்க' என்று ஒரு வாக்கியம். கடைசியில் டைமரில் ஐந்து நிமிடத்தை வைத்து, 'போங்க, ரோல் பண்ணுங்க' என்று விட்டுவிடுகிறீர்கள். ஷ்ரிம்ப்பை நூறு தடவை செய்ய வைக்கிறீர்கள். விடுவதை ஒரு தடவைகூடச் செய்ய வைப்பதில்லை. கார் ஓட்டக் கற்றுத்தருபவர் பிரேக்கைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு அண்ணா சாலையில் இறக்கிவிடுவாரா?

இந்தக் கலை ஏன் இப்படி உருளும் கலையாக இருக்கிறது என்பதை நீங்கள்தான் எங்களுக்குச் சொன்னீர்கள். ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோ 1882-ல் ஜப்பானில் கோடோகன் என்ற தன் பள்ளியைத் தொடங்கியபோது, பழைய ஜுஜுட்சுவின் அடி, குத்து, ஆபத்தான பூட்டுகளை எல்லாம் ரந்தோரி என்கிற சண்டைப் பயிற்சியிலிருந்து தள்ளி வைத்தார். மிச்சமிருந்ததை எதிர்க்கிற ஆளின்மேல், முழு பலத்தோடு, தினமும் பழக முடிந்தது. கண்ணைக் குத்தும் வித்தையை யாரும் தினமும் பழக முடியாது. கையை நேராக்கி முழங்கையைப் பூட்டும் ஆர்ம்பாரைப் பழகலாம், விடத் தெரிந்தால். அந்தப் பயிற்சி முறையைத்தான் கோடோகன்காரரான மிட்சுயோ மயேடா 1914-ல் பிரேசிலுக்குக் கொண்டுபோனார், பெலேம் நகரத்தில், பின்னால் நம் கலையை வளர்த்த கிரேசி குடும்பத்தின் கார்லோஸ் கிரேசிக்குச் சொல்லிக்கொடுத்தார். நம் கையில் இருக்கிற எல்லாமே, தட்டினால் எதிராளி விடுவான் என்ற ஒரே நம்பிக்கையின் மேல் கட்டியது.

ஆனால் ஜிம்களில் நாம் சொல்லிக்கொள்ளும் கதை வேறு. 1951 அக்டோபரில் ரியோவின் மரக்கானா மைதானத்தில் ஹெலியோ கிரேசியும் மசாஹிகோ கிமுராவும் மோதியதைச் சொல்லாத கோச் இல்லை. ஹெலியோவுக்கு 38 வயது, உருவத்தில் சின்னவர். கிமுரா ஜூடோவின் உச்சத்தில் இருந்தவர். இரண்டாவது சுற்றில் அவர் ஹெலியோவின் கையை மடக்கிப் பூட்டினார். ஹெலியோ தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ்தான் தலையிட்டு ஆட்டத்தை நிறுத்தினார். ஜப்பானியர்கள் உதே-கராமி என்று சொல்லும் அந்தப் பூட்டுக்கு, தங்களைத் தோற்கடித்தவரின் பெயரையே பிரேசில்காரர்கள் வைத்துவிட்டார்கள். தோற்றவர்கள் வைத்த பெயரில் ஒரு பிடி உலகம் முழுக்கப் புழங்குவது, யோசித்தால், மிகவும் பெருந்தன்மையான விஷயம்.

அரை நூற்றாண்டு கழித்து, 2000-ல், ஜப்பானில் கசுஷி சகுராபா அதே பிடியில் ரென்ஸோ கிரேசியின் முழங்கையை உடைத்தார். ரென்ஸோவும் தட்டவில்லை. இந்த இரண்டையும் நாம் வீரக் கதைகளாகச் சொல்கிறோம். சொல்லுங்கள், நானும் புல்லரித்துக் கேட்டவன்தான். ஆனால் கதையில் பாதியை முழுங்கிவிடுகிறோம். மரக்கானாவில் கார்லோஸ் வெளியே நின்றார். ஜப்பானில் நடுவர் பக்கத்திலேயே இருந்தார். தட்டாதவனுக்காகத் தட்ட அங்கே ஆள் இருந்தது. நம் செவ்வாய்க்கிழமை சாயங்கால வகுப்பில், எட்டு ஜோடிகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு உருளும் மேட்டில், கோச் மூலையில் யாருக்கோ கிரிப்பைத் திருத்திக்கொண்டிருக்கும்போது, நடுவர் யார்? பிடித்திருப்பவன்தான். ஒரே ஆள் போட்டியாளனாகவும் நடுவராகவும் இருக்க வேண்டிய விளையாட்டு இது. அந்த நடுவர் வேலையைத்தான் நாம் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை.

அது ஒரு டெக்னிக். ஒழுக்கம், மரியாதை, மனப்பக்குவம் என்றெல்லாம் பெரிய வார்த்தை போட்டு அதை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டாம். கார்டை, அதாவது கீழே இருப்பவர் கால்களால் போடும் தடுப்பைக் கடப்பது மாதிரி, பழகினால் வருகிற வேலை.

அந்தக் கிமுராவையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று நான் இரண்டு கைகளின் பலத்தால் அவர் கையை வெடுக்கென்று இழுத்தேன். காரணம், அவருடைய உடம்பு என் கட்டுப்பாட்டில் இல்லை. அவர் பக்கவாட்டில் திரும்பித் தப்பிவிடுவார் என்ற பயத்தில் கையை மட்டும் பிடித்து அவசரப்பட்டேன். இன்று அதே பிடி வந்தால், முதலில் என் மார்பால் அவர் தோளை மேட்டில் அழுத்தி, தலைப் பக்கம் நகர்ந்து, அவர் முழங்கையை என் உடம்போடு ஒட்டிக்கொள்வேன். அப்புறம் கைகளை அசைக்காமல் என் உடம்பைத் திருப்புவேன், தபால்காரர் சைக்கிளை ஸ்டாண்ட் போடுகிற வேகத்தில். அவருக்கு யோசிக்க நேரம் இருக்கும், எனக்கு நிறுத்த இடம் இருக்கும். வெடுக்கென்று இழுத்தால்தான் ஒரு பிடி வேலை செய்கிறது என்றால், அது இன்னும் பிடியே ஆகவில்லை. புதியவர்களுக்கு இதை 'மெதுவாகச் செய்' என்று சொன்னால் புரியாது. 'அவர் நகர முடியாதபடி செய், அப்புறம் மெதுவாகச் செய்வது தானாக வரும்' என்றால் புரியும்.

(ஜூடோவில் உதே-கராமி முழங்கைப் பூட்டு என்ற கணக்கில்தான் வரும், போட்டியில் முழங்கையை மட்டும்தான் பூட்டலாம் என்பது அவர்கள் விதி. என் ஆளுக்குப் போனது தோள். மூட்டு விதிப்புத்தகம் படிப்பதில்லை.)

ஆர்ம்பார் வேறு மாதிரி. கை நேராகும்வரை பெரிய வலி இருக்காது. நேரான பிறகு இருக்கிற தூரம் இரண்டு விரல் அகலம்கூட இல்லை. அதனால் அங்கே பிடித்தவனின் வேலை, கை நேரான இடத்தில் ஒரு மூச்சு நிற்பது. பிடிபட்டவனின் வேலை, வலிக்காகக் காத்திராமல், கை நேராகிவிட்டது என்றதுமே தட்டுவது.

ஹீல் ஹூக்கைப் பற்றித்தான் எனக்கு உண்மையிலேயே பயம். குதிகாலைப் பிடித்துத் திருப்பினால் திருகல் போய்ச் சேரும் இடம் முழங்கால். ஆனால் முழங்கால் உள்ளிருக்கும் தசைநார்கள் முன்கூட்டி எச்சரிக்கை கொடுப்பதில்லை. வலி வந்து சேரும்போது சேதம் ஆகியிருக்கும். இதனால்தான் சர்வதேசப் போட்டிகளை நடத்தும் ஐ.பி.ஜே.ஜே.எஃப். அமைப்பு அதை கி என்கிற தடித்த பயிற்சி உடைப் போட்டிகளில் எந்த பெல்ட்டுக்கும் அனுமதிப்பதில்லை. கி இல்லாத போட்டிகளில்கூட 2021-ல்தான், அதுவும் வயது வந்தோர் பிரிவில் பிரவுன், பிளாக் பெல்ட்டுகளுக்கு மட்டும் திறந்துவிட்டார்கள். முழங்காலை நேரடியாக உடைக்கும் நீ பார், பாதத்தைப் பிடித்துத் திருகும் டோ ஹோல்ட் இரண்டும் பிரவுன் பெல்ட்டிலிருந்துதான். மணிக்கட்டுப் பூட்டுக்கே ப்ளூ பெல்ட் வேண்டும். இவ்வளவு யோசித்து யாரோ ஒரு அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். நம் ஜிம்களில் நேற்று சேர்ந்த பையன், இன்ஸ்டாகிராமில் முப்பது நொடி ரீல் பார்த்துவிட்டு வந்து, பக்கத்து ஆளின் குதிகாலைத் தேடுகிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் ஜிம்மில் எது அனுமதி, எது இல்லை என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறீர்களா? மாதச் சந்தா எவ்வளவு என்று எழுதியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இடம் இருக்கும்.

கழுத்துப்பிடியில் கணக்கே மாறிவிடுகிறது. பின்னாலிருந்து போடுகிற, போர்த்துகீசியத்தில் சிங்கக்கொல்லி என்று பெயர் வைத்திருக்கும் அந்தப் பிடி சரியாக விழுந்தால், கழுத்தின் இரு பக்க ரத்தக்குழாய்களும் அடைபட்டுப் பத்து நொடிக்குள் நினைவு போய்விடும். நினைவு போனவர் தட்ட மாட்டார். 'அவன் தட்டலையே' என்று இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிற புதியவனை நான் பார்த்திருக்கிறேன், நல்லவேளையாக யாரோ சத்தம் போட்டார்கள். எதிராளியின் கை தொய்கிறதா, குறட்டை மாதிரி சத்தம் வருகிறதா, எதிர்ப்பு திடீரென்று காணாமல் போனதா என்று பார்ப்பது பிடித்தவன் வேலை. சந்தேகம் வந்தால் விட்டுவிட வேண்டும். தப்பாக விட்டால் ஒரு டேப் போகும், அவ்வளவுதான். நினைவு தப்பியவருக்கு அன்றைக்கு உருளல் அத்தோடு முடிந்தது. 'ஒண்ணுமில்ல கோச், நல்லா இருக்கேன்' என்று அவர் எழுந்து நின்றாலும் முடிந்ததுதான். இதை நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள்.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்? புது பேட்சுக்கு முதல் ஒரு வாரம், வகுப்பில் பத்தே நிமிடம். ஒருவர் கையைக் கொடுக்கட்டும், மற்றவர் பூட்டட்டும். பூட்டப்பட்டவர் தட்டட்டும். முதலில் தோளில், பார்க்கிற மாதிரி. அடுத்து விலாவில், தொடையில், பார்க்க முடியாத இடத்தில். அடுத்து இரண்டு கையும் சிக்கியது மாதிரி வைத்துக்கொண்டு, காலால் மேட்டில். அடுத்து வாயால் 'டேப்'. அடுத்து வெறும் 'ஆ'. போட்டியில்கூட, பிடிக்குள் இருப்பவர் வலியில் கத்தினால் அதை டேப்பாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பூட்டியவர் விட வேண்டும். விடுவது என்றால் கையைத் தூக்கி எறிவது இல்லை. அழுத்தத்தை நிறுத்தி, அந்தக் கை இருந்த இடத்திலேயே தளர்த்தி, அவரே எடுத்துக்கொள்ளும்படி விடுவது. இப்படி ஒரு வாரத்தில் ஒவ்வொருவரும் இருநூறு தடவையாவது டேப் வாங்கியிருப்பார்கள். என்னை மாதிரி கபடியிலிருந்து வருகிறவனுக்கும், மல்யுத்தத்திலிருந்து வருகிறவனுக்கும், தரையில் கை அடிக்கும் சத்தத்துக்கு உடம்பு புது அர்த்தம் கற்றுக்கொள்ள அது போதும்.

கூடவே ஒரு சின்ன வேண்டுகோள். ரோல் நேரத்தில் அந்த ஸ்பீக்கரின் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள். எனக்கும் அந்தப் பாட்டுகள் பிடிக்கும். ஆனால் வாயால் சொல்கிற டேப் கேட்பதில்லை.

உங்கள் ஆட்சேபம் எனக்குத் தெரியும், ஏனென்றால் என் கோச்சே சொல்லியிருக்கிறார். 'முதல் வாரம் ரோல் இல்லைன்னா பசங்க போரடிச்சு ஓடிடுவாங்க. சண்டை போடத்தான் வராங்க.' உண்மைதான். வாடகையும் கரன்ட் பில்லும் கட்ட வேண்டியவர் நீங்கள், நான் இல்லை. ஆனால் ரோலை நிறுத்தச் சொல்லவில்லை, பூட்டையும் கழுத்துப்பிடியையும் ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்கிறேன். ஒருவர் கார்டில் இருக்கட்டும், மற்றவர் கடக்கட்டும். கடந்தால் 3 புள்ளி, மவுன்ட் (எதிராளியின் மேல் ஏறி உட்காருவது) ஏறினால் 4, முதுகைப் பிடித்தால் 4. இரண்டு நிமிடம் இப்படி விளையாடி முடித்தவனிடம் போய்ப் போரடிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பதில் சொல்ல மூச்சு இருந்தால். ஓடிப்போகிறவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது இதுதான்: போரடித்துப் போனவர் திரும்பி வருவார். தோள் போனவர் வருவதில்லை.

பூட்டுகளைப் பற்றியே பேசிவிட்டேன். ஆனால் மேட்டில் நான் பார்த்த மோசமான காயங்களில் பாதி, பிடியே இல்லாமல் வந்தவை. விழுகிற எடையால் வந்தவை. பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு, எதிராளியைச் சாய்க்கத் தெரியாமல், அவருடைய முழங்காலின் பக்கவாட்டிலேயே உட்கார்ந்துவிடுவது. நின்றுகொண்டிருக்கிறவர் இடுப்பில் தாவி கார்ட் போடுவது. வெள்ளை பெல்ட்டுகளுக்குப் போட்டியிலேயே அது தடை. பறந்து போய்க் கால்களால் எதிராளியின் கால்களைக் கத்தரிக்கோல் போட்டுச் சாய்க்கும் கனி பசாமி. 1980-ல் ஜப்பான் தேசியப் போட்டியில் யசுஹிரோ யமாஷிதாவின் காலெலும்பு அப்படித்தான் முறிந்தது. அவ்வளவு பெரிய ஜூடோகாவுக்கே அந்த கதி. டேப் அடிக்க நேரமே கொடுக்காத காயங்கள் இவை. இதில் கபடிப் பையன்கள் மேல் எனக்குத் தனிப் பாசமும் தனிக் கவலையும் உண்டு. முழங்காலுக்குக் கீழே பாய்ந்து பிடிப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. அந்தப் பாய்ச்சலை மண்ணிலிருந்து மேட்டுக்கு மாற்ற அவர்களுக்கு ஒருவர் தேவை. முதல் நாளே அவர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

அடுத்து மூத்தவர்களுக்கு, அதாவது எனக்கும் சேர்த்து.

நம் ஜிம்களில் வெள்ளை பெல்ட் நம்மை 'அண்ணா' என்று கூப்பிடுகிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணாவிடம் போய் 'ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறீங்க' என்று சொல்ல அவனுக்கு வாய் வருமா? 'இன்னைக்கு உங்களோட ரோல் வேண்டாம்' என்று சொல்ல முடியுமா? அவனுக்குச் சொல்லும் உரிமை உண்டு என்று கோச் அறிவித்தால் போதாது. நாம்தான் முதலில் கேட்க வேண்டும். கை தட்டி, முஷ்டி இடித்து ஆரம்பிக்கும் அந்த ஒரு நொடியில், 'எங்கயாவது அடி பட்டிருக்கா? எவ்வளவு வேகம் போகலாம்?' பத்து வார்த்தைகூட இல்லை. இதைக் கேட்கும் பிரவுன் பெல்ட்டிடம் உருள்வதற்கும் கேட்காதவரிடம் உருள்வதற்கும் உள்ள வித்தியாசம் எந்த வெள்ளை பெல்ட்டுக்கும் தெரியும். யாராவது வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள். 'ஏன், பயமா?' என்று சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து உருண்டு முதுகைக் கெடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

எடையில் சின்னவர்களோடும் பெண்களோடும் உருளும்போது நம் ஆட்கள் இரண்டு தவறில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, மாவு மூட்டை மாதிரி மேலே படுத்துக்கொள்வது. இல்லையென்றால் பொம்மை மாதிரி கிடந்து எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பது. இரண்டாவதும் அவமானம்தான், என்னோடு பயிற்சி செய்கிற ஒரு பெண் அதை என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். எடையை எடுத்துவிட்டு டெக்னிக்கை மட்டும் வைத்துக்கொண்டு உருளுங்கள். அதில் உங்கள் டெக்னிக் எவ்வளவு, எடை எவ்வளவு என்ற கணக்கும் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தபோது அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

ரோல் நடுவே பாடம் எடுப்பது, யாரிடம் எத்தனை தடவை டேப் வாங்கினோம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது, கேட்காமல் வீடியோ எடுத்து ஸ்டோரி வைப்பது, இவற்றையெல்லாம் நிறுத்தச் சொல்ல நீங்கள் ஒரு பார்வை பார்த்தால் போதும். டேப் வாங்கியதை எண்ணுகிற இடத்தில் யாரும் நேரத்தோடு தட்ட மாட்டார்கள்.

சுத்தம் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நகம் வெட்டு, கி-யைத் துவை, கழிப்பறைக்குச் செருப்புப் போட்டுப் போ. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் கி உடை மூன்று நாளானாலும் காயாது என்பதும், அரைகுறையாகக் காய்ந்ததைப் போட்டு வந்தால் ஜிம்மே மணக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல நினைப்பது வேறு. படர்தாமரை வந்தவன் ஏன் மறைத்துக்கொண்டு வருகிறான்? மாதச் சந்தா கட்டிவிட்டான், வராமல் இருந்தால் காசு போச்சு. தோல் நோய்க்காக வீட்டில் இருந்த நாட்களை அடுத்த மாதத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். எத்தனை பேர் தாமாகவே வந்து கையைக் காட்டுகிறார்கள் என்று தெரியும்.

தோள் போனவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று அவர் என்னைத் திட்டவில்லை. 'பரவால்ல தம்பி, தெரியாம நடந்தது' என்று சொல்லி, வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு படி இறங்கிப் போனார். நான் பின்னாலேயே போய் ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். மறுநாள் ஸ்கேன், அப்புறம் மாதக்கணக்கில் பிசியோதெரபி. ஸ்கேன் பணத்தையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன், வாங்கவில்லை. மேட்டுக்குத் திரும்பி வரவும் இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்புகிறார், நானும் அனுப்புகிறேன். தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டு ஒரு வருடமாவது டைப் செய்துவிட்டு அழிக்காமல் அனுப்ப வேண்டும்.

எங்கள் ஜிம்மில் வருகிற ஒன்றாம் தேதி புது பேட்ச் ஆரம்பிக்கிறது. முதல் வாரம் அந்தப் பத்து நிமிடத்தை என்னிடம் கொடுங்கள் என்று கோச்சிடம் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றார். அவரும் இதைப் படிப்பார் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். மற்ற ஜிம்களிலும் யாராவது செய்து பார்க்கத் தயார் என்றால், பூட்டிப் பழகப் புதியவர்களுக்கு ஒரு கை வேண்டும்தானே, என் கையைத் தருகிறேன். வலது கையை. இடது முழங்கை கொஞ்சம் பழுது. அது இன்னொரு வெள்ளை பெல்ட் கதை.

இப்படிக்கு,
ஒரு பர்ப்பிள் பெல்ட்,
சென்னை